டிஃப் லாக் அவசியமா, ஓப்பன் டிஃப் போதுமா? ஜிம்னி, தார், கூர்க்காவை வைத்து ஒரு ஒப்பீடு

“ஜிம்னி எடுக்கலாமா, தார் எடுக்கலாமா?” என்று தொடங்கும் கேள்வி, இரண்டு நிமிடத்தில் “ஆனா ஜிம்னியில டிஃப் லாக் இல்லையாமே” என்று வந்து நிற்கும். (மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா மூன்றும் கரடுமுரடான பாதைக்கான வண்டிகள். ஒரே அச்சிலுள்ள இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுவது டிஃப் லாக். அந்தப் பூட்டு இல்லாதது ஓப்பன் டிஃப்.) அடுத்து ஒருவர் கூர்க்காவை இழுப்பார்: “அதுல முன்னாடி பின்னாடி ரெண்டுக்குமே லாக் இருக்கு.” அதற்குப் பிறகு பேச்சு டயருக்கோ, போகப்போகும் பாதைக்கோ திரும்புவதே இல்லை. லாக் இருக்கிறதா இல்லையா என்பதே வண்டியின் தகுதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது.

லாக் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படும் இடத்தில் அதற்கு மாற்றே கிடையாது. ஆனால் அந்த இடம் உங்கள் பயணத்தில் எத்தனை முறை வரும், வராதபோது அந்த லாக் உங்களிடம் எதை வாங்கிக்கொள்ளும் என்று பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

## டிஃப் என்ன செய்கிறது

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் (ஜிம்னிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான்), ஒரு யூ-டர்ன் முடிவதற்குள் வெளிச்சக்கரம் 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். அகலமாகத் திரும்பினாலும் ஒடித்துத் திரும்பினாலும் அந்த வித்தியாசம் மாறாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் பூட்டிவிட்டால் அந்த 4.4 மீட்டரை டயர்தான் தார்ச்சாலையில் தேய்ந்து ஈடுகட்டும். அதைத் தவிர்க்க, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரென்ஷியல், சுருக்கமாக டிஃப்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஓப்பன் டிஃப் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமாகத்தான் டார்க் (சக்கரத்தைச் சுற்றும் முறுக்கு விசை) கொடுக்கும். “சுத்துற சக்கரத்துக்கே எல்லாப் பவரும் போயிடுது” என்பார்கள். உண்மையில் போவது வேகம் மட்டும்தான். சுற்றுகிற சக்கரத்தால் எவ்வளவு டார்க் தாங்க முடிகிறதோ, அதே அளவுதான் பிடிப்புள்ள மறுபக்கத்துக்கும் கிடைக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கியிருந்தால் அதன் டார்க் ஏறக்குறைய பூஜ்யம். அப்போது பாறைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் பூஜ்யம்தான்.

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் ஃபோர் பை ஃபோர் போட்டாலும் இந்தக் கதை முழுதாக மாறாது. ஜிம்னி, தார், கூர்க்கா மூன்றிலும் ஃபோர் வீல் போடும்போது முன் ஆக்ஸிலும் (இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் அச்சு) பின் ஆக்ஸிலும்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஆக்ஸிலுக்குள்ளும் இருக்கும் டிஃப் தன் போக்கில் ஓப்பனாகவே இருக்கும். முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிப்பு இழந்தால், நாலு சக்கர வண்டி இரண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். ஆஃப்ரோடு ஓட்டுகிறவர்கள் இதைக் கிராஸ் ஆக்ஸில் என்பார்கள். லாக் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த ஒரு நிலையைப் பற்றியதுதான்.

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. வலது குதிகாலுக்குப் பக்கத்தில் டிஃப் லாக் பெடல் ஒன்று இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் அதை மிதிப்பார்கள், திரும்பும் முன் காலை எடுத்துவிடுவார்கள். அதே டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல்களும் உண்டு. லாக்கை மிதிக்காமல், சுற்றுகிற சக்கரத்தின் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தும் வண்டியைக் கரையேற்றுவார்கள். இன்றைக்கு ஷோரூமில் பெரிய பெயர்கள் வைத்து விற்கும் இரண்டு தொழில்நுட்பமும் இந்த இரண்டு பெடல்களின் வாரிசுகள்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, சக்கரம் தூக்கும் இடங்களில் எவ்வளவு ஓட்டப்போகிறீர்கள் என்பது. எஸ்டேட் ரோடு, மண் ரோடு, ஆற்று மணல் எல்லாம் ஆஃப்ரோடுதான், ஆனால் அங்கெல்லாம் சக்கரம் தூக்காது. இரண்டாவது, வண்டி தனியாகப் போகுமா, கூட வேறு வண்டி வருமா. மூன்றாவது, ஓட்டுபவர் யார்: லீவரை எப்போது போட்டு எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவரா, வீட்டில் நாலு பேர் மாறி மாறி எடுக்கும் வண்டியா. நாலாவது, தார்ச்சாலையில் அந்த அமைப்பு எப்படி நடந்துகொள்ளும். ஐந்தாவது, உடைந்தால் எது உடையும், உங்கள் ஊரில் யார் சரிசெய்வார்கள்.

விலை ஆறாவதாகத்தான் வரும். ஏனென்றால் லாக்குக்குக் கொடுக்கும் காசைவிட, அது இருக்கிற தைரியத்தில் போய் மாட்டிக்கொள்வதற்கு ஆகும் காசு சில சமயம் அதிகம்.

## வெறும் ஓப்பன் டிஃப்

பழைய மஹிந்திரா ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி எல்லாம் இந்த ரகம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றில் லாக் என்று எதுவும் கிடையாது. பெயர்ந்து கிடக்கும் கருங்கல் பாதையில் நாள் தவறாமல் ஏறி இறங்குகின்றன. டிரைவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். எந்தச் சக்கரத்தை எந்தக் கல்மேல் ஏற்ற வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறார். ஓப்பன் டிஃப்பின் பலவீனம் அங்கே அனுபவத்தால் மறைந்துவிடுகிறது.

ஜிப்ஸியின் பலம் வேறு: ஒரு டன்னை ஒட்டிய எடை. லேசான வண்டி குறைவாகப் புதையும், மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வந்துவிடும். உதிரிபாகம் எளிது, டிஃப்பைப் பிரித்துப்போட எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும்.

குறை என்று பார்த்தால், தெரியாத பாதையில் கிராஸ் ஆக்ஸில் வந்துவிட்டால் இதில் மாற்று வழியே கிடையாது. கல் அடுக்கணும், பின்னால் எடுத்து வேறு கோட்டில் ஏறணும், இல்லாவிட்டால் கயிறு போடணும்.

## பிரேக் பிடித்துச் சமாளிக்கும் ஓப்பன் டிஃப்: ஜிம்னி

2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் ஓப்பன் டிஃப்தான். அதற்கு மேல், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்களை வைத்துக்கொண்டு, சுற்றுகிற சக்கரத்தை மட்டும் கண்டுபிடித்து அதன் பிரேக்கை வண்டியே பிடிக்கும். மாருதி இதற்கு பிரேக் எல்எஸ்டி (பிரேக் லிமிடெட் ஸ்லிப் டிஃப்) என்று பெயர் வைத்திருக்கிறது.

இது எவ்வளவு உதவும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு ஆக்ஸிலில் ஒரு சக்கரம் சேற்றில், இன்னொன்று பாறையில். சேற்றுச் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் வழுக்கும். வண்டி நகர மொத்தம் 600 வேண்டும்.

வெறும் ஓப்பன் டிஃப்பில் சேற்றுக்கு 100, அதனால் பாறைக்கும் 100. மொத்தம் 200. வண்டி அசையாது.

பிரேக் அமைப்பு சேற்றுச் சக்கரத்தின்மேல் 400 அளவுக்கு பிரேக் பிடிக்கிறது என்று வையுங்கள். டிஃப்பைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் இப்போது 500 தாங்குகிறது, ஆகவே பாறைப் பக்கத்துக்கும் 500 போகும். தரைக்குக் கிடைப்பது 100-ம் 500-ம் சேர்ந்து 600. வண்டி நகரும். ஆனால் இன்ஜின் பக்கமிருந்து 1,000 வந்தால்தான் இது நடக்கும். மீதி 400 பிரேக்கில் சூடாகப் போய்விடும்.

லாக் போட்டிருந்தால் சேற்றுக்கு 100, பாறைக்கு 500. இன்ஜின் பக்கமிருந்து 600 கொடுத்தாலே போதும், எதுவும் வீணாகாது.

ஆக, பிரேக் எல்எஸ்டி ஏமாற்று வேலை கிடையாது, நிஜமாகவே வண்டியை நகர்த்தும். ஆனால் இன்ஜினிடம் அதிகம் கேட்கும், பிரேக்கைச் சூடாக்கும். ஒரு மேடு, இரண்டு மேடு என்றால் பிரச்சினை இல்லை. நீளமான சேற்றுப் பாதையில் விடாமல் வேலை வாங்கினால் பேடு தேயும், சூடு ஏறினால் பல வண்டிகளில் சிஸ்டம் தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, இதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அடியில் ‘கர்ர் கர்ர்’ என்று பம்ப் சத்தம் கேட்கும். புதிதாக ஓட்டுபவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஏதோ உடைகிறது என்று பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அதோடு வேலை கெட்டது. அந்த நேரத்தில் காலை அசைக்காமல், கொஞ்சம் அழுத்தமாகவே வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்குள் பிரேக் தன் வேலையைச் செய்து மறுபக்கச் சக்கரம் கடிக்கும்.

ஜிம்னிக்குச் சாதகமான விஷயம் ஒன்று இந்த வாதங்களில் விட்டுப்போகிறது. அதன் இரண்டு ஆக்ஸிலும் ஒரே தண்டாக இருக்கும் ரிஜிட் ஆக்ஸில். ஒரு பக்கம் கல்மேல் ஏறினால் மறுபக்கம் தானாகக் கீழே அழுந்தும். தார், இப்போதைய கூர்க்கா இரண்டிலும் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். சாலையில் அது சொகுசு, ஆனால் பள்ளத்தில் முன் சக்கரம் சீக்கிரம் தூக்கிவிடும். சக்கரம் தரையை விடாத வண்டிக்கு லாக்கின் தேவை குறைவு. அதனால் “லாக் இல்லை” என்ற ஒரே காரணத்துக்காக ஜிம்னியை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜின் சிறியது, சுமை ஏற்றினால் முக்கும் என்பவை வேறு காரணங்கள். அவற்றைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

## தானாக லாக் ஆகும் டிஃப்: தார்

தாரின் சில வேரியன்ட்களில் பின் ஆக்ஸிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப் வரும். சுவிட்ச், லீவர் எதுவும் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களின் சுற்றுவேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும், உள்ளே இருக்கும் சின்ன எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். டிஃப் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் அது பூட்டாதபடி உள்ளேயே தடுப்பும் உண்டு. ஈட்டன் நிறுவனத்தின் இந்த வடிவமைப்பு அமெரிக்க பிக்கப் வண்டிகளில் பல பத்தாண்டுகளாக ஓடுவது.

இதன் பெரிய பலம் மறதிக்கு இடமில்லாதது. யார் ஓட்டினாலும் வேலை செய்யும். தார்ச்சாலையில் சாதாரண ஓப்பன் டிஃப்பாகவே நடந்துகொள்ளும்.

ஆனால் அந்த 100 சுற்று வித்தியாசம் எங்கிருந்து வரும்? ஒரு சக்கரம் சுற்றினால்தான் வரும். லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை), முதல் கியர், ஐட்லிங்கில் நிதானமாகப் பாறை ஏறுகிறீர்கள். ஒரு சக்கரம் தூக்கிவிட்டது. அது மெதுவாகத்தான் சுற்றும், லாக் விழாது. விழ வைக்க ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ‘டக்’ என்று பூட்டி, வண்டி ஒரு துள்ளு துள்ளும். பக்கத்தில் பள்ளம் இருக்கும் குறுகிய பாதையில் அந்தத் துள்ளலை யாரும் விரும்பமாட்டார்கள். மணலில் வேறு சிக்கல்: லாக் விழுவதற்குத் தேவையான அந்தச் சுற்றிலேயே டயர் குழி தோண்டியிருக்கும்.

பூட்டும் நேரத்தில் வரும் அடி முழுவதும் கிரவுன் (டிஃப்பின் பெரிய பற்சக்கரம்), ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) மேல்தான் விழும். சக்கரம் வெறித்தனமாகச் சுற்றும்போது திடீரென்று பூட்டினால் அந்த அடி பலமாக இருக்கும். ஆகவே தார் வைத்திருப்பவர்கள் பழக வேண்டியது, லாக் விழும் அளவுக்கு மட்டும் கொடுத்து, விழுந்ததும் காலைத் தளர்த்துவது.

ஒரு எச்சரிக்கை: தாரில் எந்த வேரியன்ட்டுக்கு மெக்கானிக்கல் லாக், எதற்கு பிரேக் வழியாக வேலை செய்யும் அமைப்பு என்பது அவ்வப்போது மாறியிருக்கிறது. விற்பனையாளர் இரண்டையும் “லாக் இருக்கு சார்” என்றே சொல்வார். மெக்கானிக்கல் லாக்கா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## நாமே போடும் லாக்: கூர்க்காவும் மற்றவையும்

கூர்க்காவில் சீட்டுகளுக்கு நடுவே டிஃப் லாக்குக்கென்றே இரண்டு லீவர். ஒன்று பின் ஆக்ஸிலுக்கு, மற்றது முன் ஆக்ஸிலுக்கு. இழுத்தால் பூட்டும், விட்டால் திறக்கும். நடுவே கம்ப்யூட்டர் கிடையாது. 2024-இல் வந்த தார் ராக்ஸின் ஃபோர் பை ஃபோரிலும், டொயோட்டா ஹைலக்ஸிலும் பின் ஆக்ஸிலுக்கு மட்டும் சுவிட்சில் போடும் எலக்ட்ரானிக் லாக் உண்டு.

இந்த வகையின் அருமை ஒரு சக்கரம் தூக்கப்போகிறது என்று தெரிந்தவுடனே விளங்கும். பள்ளத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, லாக்கைப் போட்டுவிட்டு, ஐட்லிங்கிலேயே நடந்து போகிற வேகத்தில் கடந்துவிடலாம். சுற்றல், துள்ளல், குழி எதுவும் இல்லை. நிதானமாக ஏறும் வண்டி குறைவாக உடையும், பாதையையும் குறைவாகக் கெடுக்கும். எஸ்டேட்காரர்கள் பாதையைக் கெடுக்காமல் போகிறவர்களைத்தான் அடுத்த முறை உள்ளே விடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் அதிகம்.

ஓப்பன் டிஃப்பில் ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கு அதிகபட்சம் பாதி டார்க்தான் போகும். லாக் போட்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், மொத்த டார்க்கும் ஒற்றை ஷாஃப்ட் வழியாகப் போகும். கம்பெனி போட்ட டயர் அளவில் அதற்குக் கணக்குப் பார்த்திருப்பார்கள். நீங்கள் பெரிய டயர் மாட்டியிருந்தால் அந்தக் கணக்கு போச்சு. முன் ஆக்ஸிலில் இன்னும் மோசம். முன் லாக்கோடு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுப்பது சக்கரம் திரும்பியபடியே சுற்ற உதவும் சிவி ஜாயின்ட்டை உடைக்க நல்ல வழி. முன் லாக் போட்டால் வண்டி நேராகப் போகவே பார்க்கும், ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும்.

அப்புறம் சரிவு. ஈரமான புல்மேட்டில் குறுக்காகப் போகிறீர்கள். ஓப்பன் டிஃப்பில் பின் சக்கரம் ஒன்று சுற்றினாலும் மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்திருக்கும், வண்டியின் பின்பக்கத்தைச் சரிவில் நிறுத்தி வைப்பது அந்தச் சக்கரம்தான். லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றுகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு மிகக் குறைவு. பின்பக்கம் அப்படியே கீழே இறங்கும். வாகமன் மாதிரியான புல்மேடுகளில் “லாக் இருக்குல்ல, போலாம்” என்று குறுக்கே இறங்குவது ஆபத்தான வேலை.

மறதி இன்னொன்று. சேற்றைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்த பிறகும் லாக் போட்டபடியே திரும்பினால் டயர் அலறும், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், மழை ரோட்டில் பின்பக்கம் வீசும். பல வண்டிகளில் லாக் போட்டால் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி எல்லாம் ஒதுங்கிவிடும். டேஷ்போர்டில் விளக்கு எரியும்தான், அதைப் பார்க்கிற ஆள் ஓட்ட வேண்டும்.

## வெளியே வாங்கிப் போடும் லாக்கர்

ஜிம்னி வாங்கிவிட்டு லாக்கர் போடலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஏர் லாக்கர் எல்லாருக்கும் தெரிந்த பெயர். காற்றழுத்தத்தில் பூட்டும், கம்ப்ரசர் வேண்டும், குழாய் இழுக்க வேண்டும். லாக்கர், கம்ப்ரசர், இறக்குமதி வரி, கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு ஆக்ஸிலுக்கே லட்சத்தைத் தாண்டிவிடும்.

பணத்தைவிட முக்கியமானது மாட்டுகிற கை. டிஃப்பைப் பிரித்தால் கிரவுனுக்கும் அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனுக்கும் நடுவிலான இடைவெளியை மறுபடி நுணுக்கமாக வைக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ‘ஊ...’ என்று பின்னால் ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் தேய்ந்துவிடும். அந்த வேலையை டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) வைத்துச் செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். “கைப்பழக்கத்துலயே செட் பண்ணிடலாம்” என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். டிஃப்பைத் தொட்டதும் அந்தப் பகுதிக்கு வாரண்டியும் சிக்கலாகும்.

முழுதாகப் பூட்டாமல் இரண்டு சக்கரத்தின் வேக வித்தியாசத்தை மட்டும் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃப் பற்றியும் கேட்பார்கள். கிளட்ச் தட்டு வைத்தவை தேயும், தனி ஆயில் சேர்மானம் கேட்கும். பற்சக்கர வகை தார்ச்சாலையிலும் ராலியிலும் அருமை, ஆனால் ஒரு சக்கரம் முழுசாகத் தூக்கிவிட்டால் பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பாறை ஏறுவதற்கு அதை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | பிரேக் உதவியுள்ள ஓப்பன் டிஃப் | தானாகப் பூட்டுவது | நாமே போடும் லாக் |
|---|---|---|---|
| சக்கரம் தூக்கும்போது | நகரும், இன்ஜினை வருத்தும் | சுற்றியபின் பூட்டும், துள்ளும் | முன்கூட்டியே போட்டு நிதானமாகப் போகலாம் |
| தார்ச்சாலையில் | தொல்லை இல்லை | தொல்லை இல்லை | எடுக்க மறந்தால் தொல்லை |
| ஈரச் சரிவில் | பாதுகாப்பு அதிகம் | திடீரென்று பூட்டினால் பின்பக்கம் சறுக்கும் | எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும் |
| ஓட்டுபவர் பழக வேண்டியது | காலை எடுக்காமல் இருப்பது | பூட்டியதும் தளர்த்துவது | எப்போது போடுவது, எப்போது எடுப்பது |
| முதலில் அடிபடுவது | பிரேக் பேடு | கிரவுன், டிஃப் உள்பாகம் | ஆக்ஸில் ஷாஃப்ட், முன்னால் சிவி ஜாயின்ட் |

## மண்ணைப் பார்த்து முடிவு செய்வது

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு வண்டி விட்டவர்களுக்குத் தெரியும். நாலு சுற்றில் டயரின் பள்ளமெல்லாம் மண் அடைத்து, டயர் வழவழவென்று உருளையாகிவிடும். அங்கே நாலு சக்கரத்துக்குமே பிடிப்பு கிடையாது. லாக் போட்டால் நாலும் ஒன்றாகச் சுற்றும், அவ்வளவுதான். பள்ளம் ஆழமான மட் டயர் கொஞ்சம் உதவும். காய்ந்த பிறகு போவது அதைவிட உதவும்.

தேரிக்காட்டுச் செம்மணல், கடற்கரை மணல் இரண்டிலும் முதல் ஆயுதம் காற்றைக் குறைப்பது. 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இருக்கும் டயரை 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மணல்மேல் மிதக்கும். காற்றைக் குறைக்காமல் லாக் மட்டும் போட்டால் ஒரு குழிக்குப் பதில் இரண்டு குழி. பின் லாக் நேர்க்கோட்டில் ஏறும்போது உதவும், முன் லாக் மணலில் திரும்பவிடாது.

வால்பாறை, மேகமலைப் பக்கத்து எஸ்டேட் பாதைகளில் மழைத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் அறுத்துக்கொண்டு போயிருக்கும். இடது சக்கரம் பள்ளத்தில், வலது மேட்டில், பத்தடி தள்ளி அதுவே தலைகீழ். லாக் தன் காசைச் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான். நிரம்பிய சுமையோடு வாரத்துக்குப் பலமுறை அப்படி ஏறி இறங்க வேண்டியவருக்கு நாமே போடும் பின் லாக் உள்ள வண்டியைத்தான் சொல்வேன். பிரேக் அமைப்பு அங்கே நாளடைவில் பேடு செலவாகத் தன் கணக்கைக் காட்டும்.

## யாருக்கு எது

வாரநாளில் நகரம், மாதம் ஒருமுறை நண்பர்களோடு மலைப்பாதை, கூட நாலைந்து வண்டி: ஜிம்னியோ, மெக்கானிக்கல் லாக் இல்லாத தாரோ தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசில் நல்ல ஏடி டயர் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது), டயர் கம்ப்ரசர், சரியான இழுவைக் கயிறு, அதை மாட்டும் ஷேக்கிள் வாங்குங்கள். லாக்கைவிட இவை அதிக முறை உங்களைக் காப்பாற்றும்.

வீட்டில் பலர் ஓட்டும் வண்டி, அவ்வப்போது சேறு, ஓட்டுபவர்களுக்கு லீவரெல்லாம் நினைவிருக்காது என்றால் தானாகப் பூட்டும் டிஃப். அதன் துள்ளலை மட்டும் எல்லாருக்கும் ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் காட்டிவிடுங்கள்.

தனியாகப் போகிறவர், தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிறவர், பாறைப் பாதையில் நிதானமாக ஏறுவதே பொழுதுபோக்கு என்பவர்: கூர்க்கா, ராக்ஸ் ஃபோர் பை ஃபோர் மாதிரி நாமே போடும் லாக். பின் லாக் ஒன்றே பெரும்பாலான இடத்துக்குப் போதும். முன் லாக் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கும், வேறு வழியே இல்லாத கடைசி இரண்டு மீட்டருக்கும்தான். தனியாகப் போகிறவருக்கு இன்னொரு வார்த்தை: ஏறும் பாதையை லாக் போடாமலே முயன்று பாருங்கள், முடியாத இடத்தில் மட்டும் போடுங்கள். முதலிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போய் மாட்டினால், வெளியே வருவதற்குக் கையிருப்பு எதுவும் இருக்காது.

## பழைய வண்டி வாங்கினால்

பயன்படுத்திய கூர்க்கா பார்க்கிறீர்கள் என்றால் லாக் வேலை செய்கிறதா என்று நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுதலை, பின் லாக்கைப் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் சுற்றிய பிறகு பூட்டுவது சகஜம். லாக்கை எடுத்துவிட்டு, வண்டியை டூ வீல் டிரைவில் கியரில் போட்டு மறுபடி சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். லாக்கே போடாதபோதும் இரண்டும் பூட்டியதுபோல் நின்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. சேற்றுப் பக்கமே போகாத வண்டிகளில் லீவர் கேபிள் துருப்பிடித்து இறுகியிருப்பதும் உண்டு, அதை விலைபேசக் காரணமாக்கலாம்.

தாரின் மெக்கானிக்கல் லாக்கை இப்படிச் சோதிக்க முடியாது. கையால் சுற்றும் வேகத்தில் அது பூட்டவே பூட்டாது, நல்ல டிஃப்பும் ஓப்பன் மாதிரியே எதிர்த்திசையில் சுற்றிக் காட்டும். ஒரு பின் சக்கரம் ஈர மண்ணிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருக்கும்படி நிறுத்தி, டூ வீல் டிரைவில் முதல் கியர் போட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஒரு சுற்றுச் சுற்றி, ‘டக்’ என்று பிடித்து வண்டி நகர்ந்தால் சரி. சுற்றிக்கொண்டே இருந்தாலோ, பூட்டும்போது ‘கடகட’ என்று உலோகச் சத்தம் வந்தாலோ, டிஃப் ஆயிலை இறக்கி அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.